ஊர்ச் சராசரி

பூலாங்கரையில் பெண் எடுக்கிறவன் கொடுத்துவைத்தவன் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஜாதகம் பார்ப்பதை யாரும் விட்டுவிடவில்லை. ஆனால் ஜாதகத்தை வாங்குவதற்கு முன்பே செல் ரிப்போர்ட்டைக் கேட்டார்கள். அரசாங்கத்தின் முன்காப்புத் திட்டத்தில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் போதும். அதிலுள்ள செல்களில் எந்த மரபணு விழித்திருக்கிறது, எந்தப் புரதம் எவ்வளவு சுரக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இன்னும் சில வருஷம் கழித்து உங்கள் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே நிறம் காட்டிவிடுவார்கள். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் அடுத்த வருஷமும் வரவேண்டும். சிவப்பு என்றால் மருந்து. பூலாங்கரை முழுக்கப் பச்சை. சாயப்பட்டறைக் கழிவு நாளுக்கொரு நிறமாக ஓடுகிற வாய்க்காலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜனங்கள் மட்டும் ஒரே நிறத்தில் இருந்தார்கள்.

இதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியவர்கள் பெருமைப்பட்டார்கள். "எங்கூர்த் தண்ணி கல்லையும் செரிக்க வெக்குமுங்க" என்று ஒரு பட்டறை முதலாளி டிவியில் சொன்னார். அவர் குடித்தது கேன் தண்ணீர்.

என் அக்கா சுகுணா வாக்கப்பட்டது அந்த ஊரில்தான். மாமா லோகநாதன் பட்டறையில் டையிங் மாஸ்டர். ஒரே மகள் தன்ஷிகா. நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து அவளைக் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வளர்மதி, மூன்று பேருடைய ரிப்போர்ட்டையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றும் பச்சை. அதற்குப் பிறகுதான் காபி டம்ளரைக் கையில் எடுத்தார். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அன்றைக்கு நானும் போயிருந்தேன். விருந்தாளிகள் கிளம்பிய பிறகு சமையலறைக்குள் போனால், அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இரண்டு காலும் வீங்கி மினுமினுத்தன. விரலில் மெட்டி இல்லை.

"மெட்டி எங்கக்கா?"

"பத்தர் வெட்டி எடுத்தாரு. சதை மூடிக்கிச்சு" என்று சிரித்தாள். "நின்னுக்கிட்டே கெடந்தா வீங்கத்தான் செய்யும். டாக்டர்ட்டக் காட்டுனேன். ரிப்போர்ட்டு பச்சையா இருக்குதுங்க, உப்பைக் கொறைங்கன்னுட்டாரு."

"வேற டெஸ்ட்டு எழுதலையா?"

"பச்சைக்கு டெஸ்ட் எழுதுனா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டானாம். பச்சைன்னு அனுப்புனது உங்க ஆபீசு. இப்ப வந்து என்னையக் கேக்கற."

கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. கோயம்புத்தூரில் அந்த நிறத்தை முடிவுசெய்கிற மையத்தில்தான் எனக்கு வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'தெளிவு' என்று ஒரு மென்பொருள். யாரோ எழுதி, யாரோ சரிபார்த்து, யாரோ அனுமதி கொடுத்தது. அது கொடுக்கிற நிறங்களை ஒரு பார்வை பார்த்து வெளியே அனுப்புகிற நாலு பேரில் நான் ஒருத்தி. நிறம் வருவதற்கு முன்னால் இருக்கிற மூல எண்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சோறு வெந்த பிறகு அரிசியை யார் பார்க்கிறார்கள்?

மறுநாள் நான் பார்த்தேன். சிறுநீரகத்தின் வடிகட்டி நைந்துபோவதைக் காட்டுகிற புரதம் ஒன்று உண்டு. அக்காவின் ரத்தத்தில் அது இருக்கவேண்டிய அளவைப்போல மூன்று பங்கு இருந்தது. அதே அக்காவின் முடிவுப் பக்கத்தில் அந்த எண் சாதாரணமாக இருந்தது. நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளேட்டில், குழிக்கு ஒருவராக ரத்தத்தை வைத்துத்தான் இயந்திரத்துக்குள் அனுப்புவார்கள். அக்காவுக்கு முந்தைய குழியில் இருந்தவரைப் பார்த்தேன். அவருக்கும் மூன்று பங்கு. அதற்கு முந்தையவர், அடுத்தவர், எதிர் வரிசை, கடைசி வரிசை என்று பார்த்துக்கொண்டே போனேன். அந்த பிளேட் முழுக்க அப்படித்தான். எல்லோரும் பூலாங்கரைக்காரர்கள்.

ரத்தம் சேகரிக்கிற வேனை ஓட்டும் ஜமால் அண்ணனிடம் போய், ஏன் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பிளேட்டில் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் நான் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டார்.

"அந்த ஊர்ல அமாவாசைக்குத்தான் பட்டறை லீவு மேடம். மத்த நாள்ல போனா ஆள் கெடைக்காது. அதனால அமாவாசைக்கு அமாவாசை அந்த ஊர் மட்டும் போவோம். மத்த ஊருங்கன்னா ஒரே நாள்ல நாலஞ்சு சுத்திட்டு வருவோம், கலந்து கட்டித்தான் வரும். பூலாங்கரைப் பெட்டி மட்டும் தனியாச் சுத்தமா இருக்கும். லேப்லகூட அதைப் பாராட்டுவாங்க."

எங்கள் மையத்தின் தலைவர் டாக்டர் எபனேசர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டவர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் காட்டிய எண்களை அவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இயந்திரத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு குணம், கோகிலா. இன்னைக்கு எல்லாத்தையும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், நாளைக்குக் குறைச்சுக் காட்டும். அதனால 'தெளிவு' என்ன பண்ணும்? ஒரு பிளேட்ல இருக்கற எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறியிருந்தா, அது ஆளுங்களோட விஷயம் இல்லை, இயந்திரத்தோட கோளாறுன்னு கழிச்சுடும். அது தப்பான யோசனை இல்லை. பல ஊர்க்காரங்க ஒரே பிளேட்ல கலந்திருந்தா அற்புதமா வேலை செய்யும்."

"கலக்காம ஒரே ஊரை வெச்சா சார்?"

"அந்த ஊருக்கே பொதுவா இருக்கற நோயைக் கழிச்சுடும்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒருத்தருக்கு வந்தா நோய். எல்லாருக்கும் வந்தா கோளாறு."

அன்றைக்கே சென்னைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வழியும் சொன்னார். அக்காவை இங்கே வரவழைத்து, அவள் ரத்தத்தைக் கோயம்புத்தூர்க்காரர்களுடைய பிளேட்டில் ஒரு குழியில் வைத்துப் பார்க்கலாம்.

வைத்துப் பார்த்தோம். அந்த பிளேட்டில் அக்கா மட்டும் சிவப்பாக வந்தாள்.

சிவப்புக்கு மருந்து உண்டு. அது கடையில் வாங்குகிற மருந்து இல்லை. அவரவர் செல்லையே எடுத்து மையத்தின் இயந்திரத்தில் சீர்செய்து வளர்த்துத் திரும்ப ஏற்றுவது. சிவப்பு என்று பதிவான எண்ணைக் கொடுத்தால்தான் அந்த இயந்திரம் திறக்கும். சிறுநீரகம் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் ஏற்றியும் பிரயோஜனமில்லை. அக்கா அந்தக் கட்டத்துக்கு மிக அருகில் இருந்தாள், இன்னும் தாண்டவில்லை. வேனில் வராத ரத்தம் என்பதால், அவள் மறுபடி மையத்துக்கு நேரில் வந்து கைரேகை வைத்துச் சம்மதம் கொடுத்தால் சிவப்பு பதிவாகிவிடும், மருந்து தயாராகத் தொடங்கும். அதுவரை முடிவு நிலுவையில் இருக்கும்.

நான் ஓடினேன். அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை.

"மார்க்கெட்டுல காய் நிறுக்கறப்ப, கூடையோட கனத்தைக் கழிச்சுட்டுத்தான கணக்குச் சொல்லுவாங்க?" என்றேன்.

"ஆமா."

"உங்க ஊரையே ஒரே கூடையில போட்டுக் கொண்டுபோயிட்டாங்கக்கா. உங்க எல்லாருக்கும் இருக்கற நோயைக் கூடையோட கனம்னு நெனச்சுக் கழிச்சுருச்சு அந்த மிஷினு."

இது புரிந்தது. தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "அப்ப அவருக்கும் இருக்குதா?"

"மாமாவுக்கும் இருக்கு. தன்ஷிகாவுக்கும் கொஞ்சம் இருக்கு. அவளுக்கு இன்னும் நாள் இருக்குதுக்கா. உனக்குத்தான் இல்லை. நாளைக்கே வா."

அக்கா வாசல்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மகள் தையல்காரரிடம் போயிருந்தாள். "நான் செவப்புன்னு பதிவானா எங்க குடும்ப அட்டையில தெரியுமா?"

"தெரியும்."

"நாமக்கல்காரங்க பாப்பாங்களா?"

எல்லோரும்தான் பார்க்கிறார்கள். அட்டையில் ஒரு சிவப்பு விழுந்தால் அந்தக் குடும்பம் முழுவதற்கும் இன்சூரன்ஸ் ஏறும். அந்த ஊரில் பெண் எடுக்க வருகிறவர்கள் அதற்காகத்தானே வருகிறார்கள்.

"கல்யாணம் முடிஞ்சதும் வாரேன்."

"உசுரு போயிரும்க்கா."

"ரெண்டு மாசத்துல போயிருமா? நீயே சொல்லு, நீதான படிச்சவ."

ரெண்டு மாசத்தில் போகாது. அதைத்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை. கூந்தலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. ஆனால் பெற்றவள் மகள் கல்யாணத்துக்காகப் பிடிக்கிற பிடிவாதத்தை எந்தத் தங்கை ஜெயித்திருக்கிறாள்?

சென்னையில் எபனேசர் சாரின் அறிக்கையை யாரும் குப்பையில் போடவில்லை. குப்பையில் போட்டிருந்தால்கூட எடுத்து மறுபடி நீட்டியிருக்கலாம். அவர்கள் அதை மரியாதையாகப் படித்தார்கள். கூட்டம் போட்டார்கள். பிளேட்டில் ஊர்களைக் கலந்து வைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அப்படிக் கலந்து வைத்துச் சோதனையாக ஒருமுறை ஓட்டியதில் பூலாங்கரையில் பாதிக்குமேல் சிவப்பாக வந்தது. மறுபடி கூட்டம் போட்டார்கள். அதற்குப் போய்விட்டு வந்த சார், என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"அத்தனை பேருக்கு மருந்து செய்ய நம்மகிட்ட இயந்திரம் கிடையாது. மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் கிடையாது."

"யாருக்கு முதல்லன்னு வரிசை போடலாமே சார்."

"வரிசை போட்டா சிவப்புன்னு ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா பட்டறையை மூடணும். மூடினா நாளைக்கு அந்த ஊர் சோத்துக்கு என்ன பண்ணும்னு கேட்டாங்க. ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர் வந்திருந்தாங்க, கோகிலா. அவங்களே கேட்டுக்கிட்டாங்க, எங்க பொண்ணுங்க வாழ்க்கையில மண்ணைப் போட்டுறாதீங்கன்னு."

"அதனால?"

"அதனால புது வெர்ஷன்." மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார். "ஒவ்வொரு ஊரோட சாப்பாடு வேற, தண்ணி வேற, மண்ணு வேற. பூலாங்கரைக்காரனைக் கோயம்புத்தூர்க்காரனோட ஒப்பிடறதே தப்பாம். இனிமே அட்டையில என்ன ஊர் இருக்கோ, அந்த ஊரோட சராசரியோட மட்டும்தான் ஒப்பிடணும். ஊர்ச் சராசரின்னு பேர் வெச்சிருக்காங்க. படிச்சுப் பார்த்தேன். அறிவியல்ல அதுக்கு இடம் இருக்கு. தப்புன்னு சொல்ல முடியாதபடி தப்பு பண்ணியிருக்காங்க."

"ஊரே சீக்காளியா இருந்தா, அந்தச் சீக்குதான் சராசரி."

"ஆமா."

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா சார்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டிருந்தார்.

புது வெர்ஷன் தை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும். அதற்குள் சம்மதம் கொடுத்துப் பதிவானது பதிவானதுதான். நிலுவையில் இருப்பவை புதுக் கணக்குக்குப் போய்விடும். அக்காவின் எண் அவள் தெருவில் எல்லோருக்கும் இருப்பதைவிடக் கொஞ்சம்தான் கூட. ஊர்ச் சராசரியோடு வைத்தால் அவள் பச்சை. அது மார்கழிக் கடைசி வாரம். அன்று மாலையே பஸ் ஏறிப் பூலாங்கரைக்குப் போனேன். தை முதல் முகூர்த்தத்திலேயே கல்யாணம் என்பதால், ஜோசியரைக் கேட்டு மார்கழியிலேயே வாசலில் முகூர்த்தக்கால் நட்டிருந்தார்கள். மூங்கிலில் மஞ்சள் துணியும் மாவிலையும் புதுசாக இருந்தன.

"காத்தால நட்டமாதிரி இருக்குது" என்றேன்.

"ஆமா கண்ணு. இனிக் கல்யாணம் முடியற வரைக்கும் ஊரெல்லை தாண்டப்படாது." அக்காவின் முகமும் இப்போது லேசாக வீங்கியிருந்தது. சந்தோஷத்தில் பூரித்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

நான் புது வெர்ஷனைப் பற்றிச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் போய்விட்டு வந்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று கெஞ்சினேன். மாமாவையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். மாமா நல்லவர்; அக்காவைப் பார்த்து, "போயிட்டு வந்துரு சுகுணா" என்றுகூடச் சொன்னார். அக்கா ஒரே பிடியாக நின்றாள்.

"கால் நட்ட பொறவு பெத்தவ எல்லை தாண்டுனா பொண்ணுக்கு ஆகாது. நீ படிச்சவ, உனக்கு இது சிரிப்பாத்தான் இருக்கும். நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நான் காலம் பூராவும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பேன். அட, உங்க சாரு நல்லவருங்கற. சொன்னா ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா?"

மனுஷனாக இருந்தால் பொறுத்திருப்பான்; 'தெளிவு' பொறுக்காது. நான் அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. தன்ஷிகா நாமக்கல் போனாள். மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு அக்கா சொன்ன சொல் தவறாமல் மையத்துக்கு வந்தாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கைரேகையை வைத்தாள். திரையில் பச்சை வந்தது. கவுண்டரில் இருந்த பெண், "உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்கம்மா, நல்லா இருக்கீங்க" என்று சிரித்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவளை என் வீட்டு விலாசத்துக்கு மாற்றிவிடலாம் என்று அலைந்தேன். ஒரு ஊரில் ஐந்து வருஷம் குடியிருந்தால்தான் அட்டையில் ஊர் மாறும். அதற்கு ஒரே ஒரு விலக்குதான் உண்டு: கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு மட்டும் அன்றைக்கே புருஷன் ஊர் விழுந்துவிடும். அக்காவிடம் ஒரு வருஷம்கூட இல்லை. சித்திரை பிறப்பதற்குள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். எபனேசர் சார் தன் செலவில் வெளியே டெஸ்ட் எடுத்துக் கொடுத்தார். முடிவைக் கொடுத்துவிட்டு அன்றோடு வேலையை விட்டுவிட்டார். அவர் போனதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அடுத்த வாரமே அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

பிறகு டயாலிசிஸ். வரப்போகிற நோய்க்குத்தான் நிறம் வேண்டும். வந்துவிட்ட நோய்க்கு அரசாங்கம் தாராளமாகச் செலவழிக்கும். வாரத்துக்கு மூன்று தடவை அக்கா பெரியாஸ்பத்திரியில் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். மகளிடம் மட்டும் சொல்லக்கூடாது என்றாள். மூட்டுவலிக்கு வைத்தியம் என்று போனில் சொல்லச் சொன்னாள்.

நாமக்கல்லில் திட்டத்தின் முகாம் வைகாசியில் நடந்தது. தன்ஷிகா இப்போது நாமக்கல் அட்டையில் இருந்தாள். முகாமிலேயே கைரேகையும் வாங்கிக்கொண்டு, அவளை நாமக்கல் சராசரியோடு ஒப்பிட்டார்கள். சிவப்பு வந்தது.

அதை எங்கள் மையத்தின் திரையில் பார்த்தபோது, கடவுளே என்று கும்பிட்டேன். ஒரு சிவப்பைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளுக்கு இன்னும் காலம் இருந்தது. மருந்துக்கு வரிசையில் பெயர் ஏறிவிட்டது. நாமக்கல் வட்டத்தில் கூட்டம் குறைவு, ஆனி மாதமே முறை வந்துவிடும். அந்த வீட்டில் அவள் இருந்தால் போதும். இருந்தாளா என்று பார்க்க நானே போனேன்.

பண்ணை வீட்டின் முன்னறையில் வளர்மதி அம்மா என்னை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். மாப்பிள்ளை பிரணவ் உள்ளேயே இருந்தான், வெளியே வரவில்லை. தன்ஷிகாவின் பெட்டி கதவோரம் இருந்தது.

"தப்பா நெனக்காதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணு" என்றார் வளர்மதி அம்மா. "ஆனா ஊரையே ஏமாத்திக் கட்டிக் குடுத்துட்டீங்களே. அவ அட்டையில செவப்பு விழுந்ததும் எங்க அத்தனை பேருக்கும் இன்சூரன்ஸ் ஏறிப்போச்சு. சின்னவனுக்கு வந்த வரன் திரும்பிப் போயிருச்சு."

"அவ மேல தப்பில்லீங்க. மருந்து குடுத்தா முழுசாச் சரியாயிரும். ஆனி வரைக்கும் அட்டையில பேரை மட்டும் வெச்சிருங்க. அவ எங்க வீட்டுலயேகூட இருக்கட்டும். பேரு மட்டும் இங்க இருந்தாப் போதும்."

"நாங்க கோழி வளர்க்கறவங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "ஒரு கொட்டாயில ஒண்ணுக்குச் சீக்குன்னு தெரிஞ்சா, அது பொழைக்குமா பொழைக்காதான்னு பாத்துக்கிட்டு நிக்க மாட்டோம். மத்ததைக் காப்பாத்தத்தான் பாப்போம். பேரை நேத்தே எடுத்தாச்சுங்க."

நான் அந்த அம்மாவின் காலில் விழுந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். அவர் பதறிப்போய் என்னைத் தூக்கினார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனால் எடுத்த பேரைத் திரும்பச் சேர்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியெல்லாம் தன்ஷிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு என்ன, அவளுக்கு என்ன, 'தெளிவு' என்ன செய்கிறது, ஊர்ச் சராசரி என்றால் என்ன என்று ஒன்றையும் விடவில்லை. இவளிடமாவது மறைக்கக்கூடாது என்று தோன்றியது. அவள் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"புருஷன் அட்டையில பேரை எடுத்துட்டா எந்த ஊர் வரும் சித்தி?"

"பொறந்த ஊரு."

அவள் பெட்டியை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவளை நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். அக்காவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. வார்டின் ஜன்னல் வழியாக மதிய வெயில் கட்டிலில் விழுந்தது. மகளைப் பெட்டியோடு பார்த்ததும் அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "என்னாலதான்" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கையில் ஊசி இருந்ததால் ஒரு கையால்தான் மூட முடிந்தது. தன்ஷிகா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவள் போனில் செய்தி வந்தது. அட்டையில் ஊர் மாறியிருக்கிறது, முடிவு மறுகணக்கு செய்யப்பட்டிருக்கிறது, மருந்து வரிசையிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருக்கிறது. கீழே நிறம். தன்ஷிகா அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்குவதற்குள் அக்கா எட்டிப் பார்த்துவிட்டாள். சின்ன எழுத்தெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. நிறம் தெரிந்தது.

"பச்சையா?" என்றாள். எழுந்து உட்காரப் பார்த்தாள். "பச்சைதான? பாருடி, பச்சை வந்திருச்சு. அந்த நாமக்கல் மிஷினுதான் தப்பாச் சொல்லியிருக்குது. எம்புள்ளைக்கு ஒண்ணும் இல்லை." மூச்சு வாங்கியது. "எனக்கு வந்தது என்னோட போகட்டும். அவளுக்குப் பச்சை. இனி வேற எடம் பாக்கலாம் கோகிலா. வயசா ஆயிருச்சு அவளுக்கு? அந்த வீடு இல்லாட்டி இன்னொரு வீடு. பச்சைதான, சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். தன்ஷிகா என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு அம்மாவின் பக்கம் குனிந்து, "ஆமாம்மா, பச்சைதான்" என்றாள். "நீ தூங்கு."

அக்கா வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். குழாய்களில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. தன்ஷிகா போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். அவள் மூல எண்ணை நான் பார்த்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எனக்கு எத்தனை வருஷம் சித்தி?"

சொன்னேன். என் விலாசத்தில் ஐந்து வருஷம் இருந்து ஊரை மாற்ற அது போதாது. அவள் தலையை ஆட்டிவிட்டு, அம்மாவின் போர்வையைக் கால்வரைக்கும் இழுத்துவிட்டாள்.